ஒரே பெயரில் இரண்டு பையன்கள்: கான்சஸில் புதைக்கப்பட்டவர் எந்த வீட்டுப் பிள்ளை?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரின் எள்ளுத்தாத்தா, அதாவது அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா, 1840 வாக்கில் ஒஹாயோவில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கூட்டரசின் வடக்குப் படையில் இருந்தார். 1870களில் கான்சஸுக்குப் போய் நிலம் எடுத்தார், 1908 நவம்பரில் அங்கேயே இறந்தார். மனைவி நான்சி 1919 வரை உயிரோடு இருந்தார், ஆனால் அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. 1850 சென்சஸில் அதே பெயரில் பத்து வயதுப் பையன் ஒஹாயோவின் இரண்டு கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறான். இணையத்தில் இருக்கும் ஒரு வம்சாவளி மரம் அதில் ஒரு வீட்டைப் பெற்றோர் வீடு என்று போட்டிருக்கிறது. அது சரியா, அவர் பெற்றோர் யார் என்று கேட்கிறீர்கள். (அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை, ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருந்த பெயர் என்பது மட்டும் மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதும்.)

பெற்றோர் யார் என்பது இதில் இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, கான்சஸில் கல்லறைக் கல்லுக்குக் கீழே இருக்கிற அந்த முதியவரும் ஒஹாயோவின் அந்தப் பத்து வயதுப் பையனும் ஒரே ஆளா என்பது. நான் ஒஹாயோவில் ஒரு பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்களில் அநேகம் பேர் அந்தப் பெயருள்ள தாள் எங்கே கிடைத்தாலும் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் மூன்று மனிதர்களின் வாழ்க்கையை ஒரே ஆள் தலையில் கட்டியிருப்பார்கள். பெயர் பொருந்துவது ஆதாரம் ஆகாது. அவரைச் சுற்றி இருந்த மனிதர்கள், மனைவி, மைத்துனன், பக்கத்து நிலத்துக்காரர், கூடவே படையில் இருந்தவர், இவர்கள்தான் ஆளை அடையாளம் காட்டுவார்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

உங்கள் கையில் இருப்பதில் உறுதியானவை எவை என்று பார்ப்போம். கல்லறைக் கல்லில் படைப்பிரிவு எண்ணும் அதற்குள் அவர் இருந்த கம்பெனியின் (சிறு படைக்குழுவின்) எழுத்தும் செதுக்கியிருக்கிறது, அது பெரிய கொடுப்பினை. 1880, 1900 சென்சஸ் இரண்டிலும் அவரும் நான்சியும் அதே கான்சஸ் கவுண்டியில் சேர்ந்து இருக்கிறார்கள், பிள்ளைகள் பெயரும் பொருந்துகிறது. இதுவரை சந்தேகம் இல்லை. 1850க்கு அந்தப் பக்கம் போகும்போதுதான் தரை வழுக்குகிறது. 1790 முதல் 1840 வரை அமெரிக்க சென்சஸ் குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதியது, மற்றவர்கள் எல்லாம் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் முதன்முறையாக அடிமைகளாக இல்லாத எல்லோர் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் வந்தது. ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்ற பத்தி 1880இல்தான் சேர்ந்தது. ஆகவே 1850 பக்கத்தில் ஒரு தம்பதிக்குக் கீழே பத்து வயதுப் பையன் இருந்தால் அவன் மகனாக இருக்கலாம், தம்பி மகனாக இருக்கலாம், முதல் தாரத்துப் பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பக்கம் அதைச் சொல்லாது, நாம்தான் வாசித்துக்கொள்கிறோம்.

அந்த மரத்தில் எனக்கு இடறுகிற இடமும் இதுதான். அவர்கள் காட்டும் வீட்டில் 1850இல் பெண்ணுக்கு வயது 26, மூத்த பையனுக்கு 12. பதினான்கு வயதில் பெற்றிருக்க முடியாதது அல்ல, ஆனால் அந்தக் காலத்து ஒஹாயோவில் அது அரிது. அவர் இரண்டாம் மனைவியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த மரமோ அவரையே பெற்ற தாயாகப் போட்டிருக்கிறது. நீங்கள் படியெடுத்துப் போட்ட 1880 பதிவில் உங்கள் ஆள் தன் அப்பா பென்சில்வேனியாவில் பிறந்தவர், அம்மா வர்ஜீனியாவில் பிறந்தவர் என்று சொல்கிறார், அல்லது அவர் வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் (பதில் சொன்னது யார் என்று 1940 சென்சஸில்தான் குறிக்க ஆரம்பித்தார்கள், அதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்லியிருக்கலாம்). இரண்டாவது கவுண்டியில் இருக்கும் வீட்டில் அப்பா பென்சில்வேனியா, அம்மா வர்ஜீனியா, வயதும் பொருத்தம். பார்த்தவுடன் இரண்டாவது வீடுதான் என்று தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அன்றைய ஒஹாயோவில் பாதிப்பேர் அந்த இரண்டு மாநிலங்களில் ஒன்றிலிருந்து வந்தவர்கள் போலத்தான் இருக்கும், பக்கம் பக்கமாக அதே இரண்டு பெயர்தான். முதல் வீட்டிலும் இறந்துபோன முதல் மனைவி வர்ஜீனியாக்காரியாக இருந்திருக்கலாம். இந்த ஒரு பொருத்தத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

சரி, பிறப்புச் சான்று, இறப்புச் சான்று என்று போகலாமே என்பீர்கள். ஒஹாயோவில் கவுண்டி அளவில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல்தான் தொடங்குகிறது, அவர் பிறந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பிறகு. கான்சஸ் மாநிலப் பதிவு தொடங்கியது 1911 ஜூலையில், அவர் இறந்து இரண்டரை வருடம் கழித்து. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது. 1890 சென்சஸ் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயிலும் அதற்குப் பிறகு நடந்த அழிப்பிலும் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டது. அதோடு சேர்த்து எடுத்த படைவீரர் பட்டியலிலும் கான்சஸ் பகுதி அநேகமாக மிஞ்சவில்லை.

ஆகவே நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் பென்ஷன் கோப்பு. உங்கள் பதிவில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். வடக்குப் படையில் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் கூட்டரசு பென்ஷன் கொடுத்தது. தொடக்கத்தில் போரில் பட்ட காயத்துக்கும் நோய்க்கும் மட்டும் கிடைத்தது. 1890 சட்டத்துக்குப் பிறகு 90 நாள் பணி செய்து, பிறகு எந்தக் காரணத்தாலாவது உடலுழைப்புக்கு முடியாமல் போனவரும் கேட்கலாம் என்று ஆனது. 1908 ஏப்ரலில் வந்த சட்டம் விதவைகளுக்கு மாதம் 12 டாலர் என்று உயர்த்தியது, சொத்து உண்டா இல்லையா என்ற கேள்வியையும் எடுத்துவிட்டது. 1890 ஜூன் 27க்கு முன் திருமணம் ஆகியிருந்தால் போதும். உங்கள் ஆள் இறந்தது அதே 1908இன் கடைசியில். அறுபதைத் தாண்டிய நான்சி விண்ணப்பிக்காமல் இருந்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

விண்ணப்பித்திருந்தால் அவர் எதையெல்லாம் நிரூபிக்க வேண்டியிருந்தது என்று யோசியுங்கள். இந்தப் படைவீரரின் மனைவி நான்தான், இன்ன இடத்தில் இன்னார் முன்னிலையில் திருமணம் நடந்தது, இருவருக்கும் அதற்கு முன் திருமணம் ஆகவில்லை, நாங்கள் பிரிந்ததில்லை. திருமணப் பதிவு கிடைக்கவில்லை என்றால் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்கள் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். அப்படிச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் யார்? அண்ணன், தங்கை, ஒஹாயோவிலிருந்தே கூட வந்த பக்கத்து நிலத்துக்காரர். நான் படித்த ஒரு விதவைக் கோப்பில், இரண்டு தலைமுறையாகக் குடும்பம் தேடிக்கொண்டிருந்த பிறந்த வீட்டுப் பெயர், அந்த அம்மாவின் தம்பி கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் மூன்றாவது வரியில் இருந்தது. பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதிய குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்களும் உண்டு, அந்தத் தாள் இன்னும் கோப்புக்குள் மடித்தபடி இருக்கும். அப்புறம் 1898இல் பென்ஷன் அலுவலகம் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பியது. மனைவியின் முழுப்பெயரும் திருமணத்துக்கு முந்தைய பெயரும் என்ன, எப்போது எங்கே யார் நடத்தி வைத்த திருமணம், முன்பு வேறு திருமணம் உண்டா, உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் என்ன என்று கேட்டது. உங்கள் ஆள் 1898இல் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தால் இதற்கெல்லாம் அவர் கைப்படவே பதில் எழுதியிருக்கக்கூடும்.

பென்ஷன் அட்டவணை அட்டைகளை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பெயர் பொருந்தியதும் நிறுத்திவிடாதீர்கள், படைப்பிரிவும் கம்பெனியும் பொருந்துகிறதா என்று பாருங்கள், விதவை வரியில் நான்சி இருக்கிறாரா, விண்ணப்பித்த மாநிலம் கான்சஸா என்று பாருங்கள். மூன்றும் பொருந்தினால் ஆள் அவர்தான், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அட்டையில் இருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு வாஷிங்டனில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பையும் கேளுங்கள். தேர்ந்தெடுத்த சில தாள்கள் போதும் என்று எண்ணிவிடாதீர்கள், நமக்கு வேண்டியது பெரும்பாலும் யாரும் தேர்ந்தெடுக்காத தாளில்தான் இருக்கும். கணவர் கோப்பும் மனைவி கோப்பும் வழக்கமாக ஒன்றாகவே சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். கட்டணம் உண்டு, காத்திருக்கவும் வேண்டும். கூடவே படைப்பணிப் பதிவையும் கேளுங்கள். சேர்ந்தபோது சொன்ன வயது, உயரம், கண்ணின் நிறம், தொழில், சில சமயம் பிறந்த கவுண்டியே அதில் இருக்கும். வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், படையில் சேர 18 ஆக வேண்டும் என்பதால் கூட்டிச் சொன்ன பையன்கள் ஏராளம்.

நான்சியைத் தேட இன்னும் சில வழிகள் உண்டு, அவை கோப்பு வருவதற்கு முன்பே உங்கள் கைக்கு எட்டும். பிள்ளைகளின் இறப்புச் சான்றுகளைப் பாருங்கள். 1911க்குப் பிறகு கான்சஸில் இறந்த பிள்ளைகளின் சான்றில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. 1900 சென்சஸில் நான்சிக்கு ஒன்பது பிள்ளைகள், ஆறு பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று இருக்கிறது அல்லவா, அந்த ஆறு பேரின் சான்றையும் எடுங்கள், ஒன்றோடு நிற்காதீர்கள். துக்க வீட்டில் மருமகனோ பேரனோ சொன்ன பெயர் அது, தப்பாக இருக்கலாம். ஆறில் நான்கு ஒரே பெயரைச் சொன்னால் கனம் கூடுகிறது. கடைசிப் பிள்ளைகளில் யாராவது 1936க்குப் பிறகு சோஷியல் செக்யூரிட்டி (அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) எண்ணுக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தப் படிவத்தில் பெற்றோர் பெயரை அவரே எழுதியிருப்பார், இறந்தபின் அடுத்தவர் சொன்னதைவிட அது மேல். இன்னொன்று, 1880 சென்சஸ் படம் பக்கத்தின் கடைசி வரியோடு முடிகிறது, குடும்பம் அடுத்த பக்கத்தில் தொடர்கிறதா என்று பார்த்தீர்களா? மாமியார் என்று உறவு குறித்து ஒரு வயதான அம்மா அங்கே இருந்தால், அவர் மறுமணம் செய்யாதவராக இருக்கும் பட்சத்தில், அவருடைய குடும்பப்பெயர்தான் நான்சியின் பிறந்த வீட்டுப் பெயர். ஒரு வரியில் தேடல் முடிந்துபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று என்று இருப்பதுபோல அங்கேயும் உண்டு. பாலி என்றால் மேரி, சாலி என்றால் சாரா, பெகி என்றால் மார்கரெட், பாட்சி என்றால் மார்த்தா. நான்சி என்று எல்லோரும் கூப்பிட்டவர் ஒரு பத்திரத்தில் ஆன் என்று இருக்கலாம். சீனியர், ஜூனியர் என்று போட்டிருந்தால் அப்பா மகன் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே ஊரில் ஒரே பெயரில் மூத்தவர் இளையவர் என்பதைப் பிரித்துச் சொல்லவும் அதையே போட்டார்கள், சித்தப்பாவும் அண்ணன் மகனுமாகக்கூட இருக்கலாம்.

கான்சஸ் பக்கம் ஒரு நல்ல விஷயம் உண்டு. அந்த மாநிலம் 1875, 1885, 1895 ஆண்டுகளில் தானே சென்சஸ் எடுத்தது, தொலைந்துபோன 1890இன் இருபுறமும் அது நிற்கிறது. எங்கே பிறந்தார் என்பதோடு எந்த மாநிலத்திலிருந்து கான்சஸுக்கு வந்தார் என்றும் கேட்டார்கள். நேரே ஒஹாயோவிலிருந்தா, நடுவில் இல்லினாயிலோ அயோவாவிலோ சில வருடம் இருந்தார்களா என்பது அதில் தெரியும், நடுவில் இருந்திருந்தால் திருமணமே அங்கே நடந்திருக்கலாம். ஹோம்ஸ்டெட் நிலமா, அதாவது குடியேறிப் பயிர் செய்பவருக்கு அரசு கொடுத்த நிலமா என்பதைக் கூட்டரசு நில நிர்வாகத் துறையின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1862 சட்டப்படி 160 ஏக்கர், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். 1872 முதல் படைவீரர்கள் தங்கள் படைக்காலத்தை அந்த ஐந்தில் கழித்துக்கொள்ளலாம். நிலம் இவருக்குக் கிடைத்தபோது சாட்சி சொன்ன அக்கம்பக்கத்தார் பெயர்கள் கோப்பில் இருக்கும். தயவுசெய்து அவர்களை விட்டுவிடாதீர்கள், ஒவ்வொருவரும் 1850இல் ஒஹாயோவில் எந்த கவுண்டியில் இருந்தார் என்று பாருங்கள். யாரும் அந்தக் காலத்தில் முன்பின் தெரியாத சமவெளிக்குத் தனியாகப் போகவில்லை, மைத்துனனும் பங்காளியும் முன்னே போய்க் கடிதம் எழுதிய பிறகுதான் போனார்கள். சாட்சிகளில் இரண்டு பேர் உங்கள் இரண்டாவது கவுண்டிக்காரர்களாக இருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். உங்கள் மகளுக்காகத் தேடுகிறேன் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன், அந்த நிலம் ஆளில்லாமல் கிடந்த நிலம் அல்ல. கான்சஸ் என்ற பெயரே யாருடையதோ அந்தக் கா மக்களை 1873இல்தான் தெற்கே இந்தியன் டெரிட்டரி என்று பழங்குடி மக்களுக்கென ஒதுக்கிய பகுதிக்கு அனுப்பினார்கள். குடும்பக் கதையில் அதுவும் ஒரு வரி.

ஒஹாயோ பக்கத்தில் இரண்டு அப்பாக்களின் சாவையும் தேடுங்கள். உயில், சொத்துப் பங்கீடு, வாரிசுகள் சேர்ந்து எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம், இவைதான் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அப்பா மகன் உறவை நேரடியாகச் சொல்லும் தாள்கள். இரண்டில் ஒரு வீட்டின் பத்திரத்தில் "கான்சஸில் வசிக்கும் இன்னார், அவர் மனைவி நான்சி" என்று ஒரு வாரிசு கையெழுத்திட்டிருந்தால் உங்கள் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். மனைவிக்கும் நிலத்தில் பங்குரிமை உண்டு என்பதால் விற்கும்போது அவளும் கையெழுத்திட வேண்டும், அதனால் பெயர் வரும். முன்பெல்லாம் இதற்கு கவுண்டி நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டும், இப்போது ஃபேமிலிசர்ச்சில் கையெழுத்துப் பத்திரங்களின் உள்ளேயே சொல்லை வைத்துத் தேடும் வசதி வந்திருக்கிறது. பழைய கையெழுத்தை இயந்திரம் தப்பாகவும் படிக்கும், ஆகவே குடும்பப்பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டில் போட்டுப் பாருங்கள். திருமணப் பதிவில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், அந்தக் காலத்து ஒஹாயோ பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது. பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றால் பெற்றவர் சம்மதம் வேண்டும், அப்படியானால் அப்பா பெயர் வர வாய்ப்பு உண்டு.

எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு வேலை இருக்கிறது, அது இன்னொரு பையனைப் பின்தொடர்வது. உங்கள் ஆள் அல்லாதவன் என்று நீங்கள் நினைக்கும் பையனையும் 1860, 1870, 1880 என்று சாகும்வரை துரத்துங்கள். 1880இல் அவன் ஒஹாயோவிலேயே மனைவி மக்களோடு உட்கார்ந்திருந்தால் அதே வருடம் கான்சஸில் இருப்பவர் அவன் அல்ல. பதினாறு வருடத்தில் இந்த ஒரு வேலையால் நான் தீர்த்த கேள்விகள்தான் அதிகம். இரண்டு பேருமே 1870க்குப் பிறகு ஒஹாயோவில் காணாமல் போனால் கஷ்டம், அப்போது பென்ஷன் கோப்பையும் பத்திரங்களையும் தவிர வேறு வழி இல்லை.

மரபணுச் சோதனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். உதவும், ஆனால் தனியாக அல்ல. எள்ளுத்தாத்தாவிடமிருந்து உங்கள் கணவருக்கு வந்திருப்பது சராசரியாக 6 சதவீதம், உங்கள் மகளுக்கு அதில் பாதி. உங்கள் மாமனார் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், செய்வதானால் அவரைச் செய்யச் சொல்லுங்கள், ஒரு தலைமுறை மேலே போனால் இரட்டிப்பு. அதன் பிறகு அந்த இரண்டு ஒஹாயோ வீடுகளின் மற்ற பிள்ளைகள் வழியில் வந்தவர்களோடு பொருத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு பொருத்தம் எதையும் நிரூபிக்காது, அந்த உறவு வேறு கிளை வழியாகவும் வந்திருக்கலாம். ஒரு வீட்டின் இரண்டு மூன்று கிளைகளிலிருந்து பொருத்தம் வந்து, மறு வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் அது பேசும்.

இதைப் படிக்கிற வேறு சிலரின் துணைவர் குடும்பம் கறுப்பின அமெரிக்கக் குடும்பமாக இருக்கலாம், அவர்களுக்கு மேலே சொன்ன 1850 பெரும்பாலும் பயன்படாது. 1850, 1860 இரண்டிலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைத் தனிப் பட்டியலில், எசமானன் பெயருக்குக் கீழே, வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும் எழுதினார்கள், பெயர் அநேகமாக இல்லை. 1870தான் பெயரோடு வரும் முதல் சென்சஸ். ஆனால் வடக்குப் படையின் கறுப்பினப் பிரிவுகளில் ஏறத்தாழ 1,80,000 பேர் இருந்தார்கள், அவர்களுடைய பென்ஷன் கோப்புகளில் அடிமைக் காலத் திருமணம், பிரித்து விற்கப்பட்ட பிள்ளைகள், எசமானன் பெயர் எல்லாம் அவர்கள் வாய்மொழியாகவே பதிவாகியிருக்கிறது. பதிவேட்டில் நடக்காத திருமணத்தை சாட்சிகளை வைத்தே நிரூபிக்க வேண்டியிருந்தது, அதனால்தான் அவ்வளவு விரிவு. விடுதலையான அடிமைகளுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் பதிவுகளையும் அவர்களுக்கென இருந்த ஃப்ரீட்மென்ஸ் சேவிங்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேடுகளையும் கட்டாயம் பாருங்கள், வங்கிப் பதிவேட்டில் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்கள்கூட எழுதியிருப்பார்கள்.

உங்கள் வழக்கில் நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்றால், மரம் காட்டும் வீடு தப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம், இரண்டாவது வீடு நல்ல ஊகம், ஆனால் ஊகம்தான். பள்ளித் திட்டத்துக்கு அவசரம் என்றால் மகள் எள்ளுத்தாத்தாவுக்கும் நான்சிக்கும் மேலே கோடு போட்டு, இரண்டு வீட்டையும் கேள்விக்குறியோடு எழுதட்டும். அட்டவணை அட்டையை இன்று இரவே தேடுங்கள், 1880 சென்சஸின் அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். கோப்பு வந்ததும் முதலில் 1898 படிவத்தை எடுத்துப் பாருங்கள், மனைவியின் பழைய பெயர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள். அந்தக் குடும்பம் ஒஹாயோவின் எந்த கவுண்டியில் இருந்தது என்று நான் தேடித் தருகிறேன்.